மாமியாரின் முழங்கால்

ஆயுளை நீட்டிக்கும் நெல்லிக்கனியைத் தான் தின்னாமல் ஔவைக்குக் கொடுத்தான் அதியமான் என்ற கதை நம் வீட்டுக் குழந்தைகளுக்கெல்லாம் தெரியும். அந்த அதியமானின் தகடூர்தான் இன்றைய தர்மபுரி. கதையைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு ஒரு சந்தேகம் எழும். ஆயுள் நீண்டது சரி. முழங்கால் என்ன சொல்லிற்று? ஊர் ஊராக நடந்தே பழகிய பாட்டியாயிற்றே! நெல்லிக்கனி அதற்கும் சேர்த்து வேலை செய்ததா என்று கதை சொன்னவர்கள் யாரும் சொல்லவில்லை.

இந்த வாரம் அதே தர்மபுரிப் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். கடிதத்தின் சாரம் இதுதான்:

"என் மாமியாருக்கு 63 வயது. இரண்டு முழங்காலும் வில் போல வளைந்துவிட்டன. வலது கால் மிகவும் மோசம். வாசலில் கோலம் போட்டு இரண்டு வருஷமாகிறது. இராத்திரியில் வலியால் எழுந்து உட்கார்ந்து கொள்கிறார். சேலத்தில் டாக்டர் எக்ஸ்ரே பார்த்துவிட்டு, வலது முழங்காலை மாற்றிவிடுவதுதான் வழி என்கிறார். பெங்களூரில் இருக்கும் என் கொழுந்தனாரோ, 'சிமெண்ட் வைத்துச் செய்தால் பத்து வருஷத்தில் ஆடிப் போகும். சிமெண்ட் இல்லாத புது மாதிரி இருக்கிறது. அது ஆயுசுக்கும் நிற்கும்' என்கிறார். அதற்குச் செலவு அதிகமாம். என் வளையல்களை அடகு வைத்தால் சமாளிக்கலாம். மாமியார் என்னவென்றால், 'இந்த வயசுக்கு மேல் எனக்கெதற்கு? பேத்தி கல்யாணத்துக்கு வையுங்கள்' என்கிறார். எது நல்லது என்று நீங்கள் சொல்ல வேண்டும்."

வளையலை இப்போதைக்குக் கழற்ற வேண்டாம், அம்மா. கொஞ்சம் பொறுங்கள். இது உங்கள் வீட்டுக் கேள்வி மாத்திரம் அல்ல. ஐம்பதைத் தாண்டிய பெண்கள் இருக்கும் வீடுகளில் பாதியிலாவது இந்தப் பேச்சு நடந்துகொண்டுதான் இருக்கிறது. ஆகவே எல்லோருக்குமாகவே சொல்லிவிடுகிறேன்.

தேய்வது எது?

தொடை எலும்பின் அடிப்பாகமும் கெண்டைக்கால் எலும்பின் தலைப்பாகமும் சந்திக்கும் இடம் முழங்கால். முன்னால் ஒரு சில்லு மூடி போல் உட்கார்ந்திருக்கிறது. எலும்போடு எலும்பு உராயாமல் இருக்க, முனைகளின்மேல் வழவழப்பான குருத்தெலும்பு படிந்திருக்கிறது. இளநீருக்குள் வழுக்கை படிந்திருக்கிறதே, அது போல என்று வைத்துக் கொள்ளுங்கள். வயது, உடல் பாரம், பழைய அடி, பரம்பரை ஆகிய காரணங்களால் அந்த வழுக்கை தேய்கிறது. நம் பெண்களுக்குப் பெரும்பாலும் உட்பக்கம்தான் முதலில் தேயும். தேயத் தேயக் கால் வெளிப்பக்கமாக வளையும். வளைந்த காலில் உட்பக்கத்துக்கே மேலும் பாரம் இறங்கும். அதனால் மேலும் தேயும். இப்படி ஒன்றை ஒன்று வளர்த்துக்கொண்டே போகும்.

மாதவிடாய் நின்ற பிறகு ஆண்களைவிடப் பெண்களையே இது அதிகம் பிடிக்கிறது. காலையில் எழுந்ததும் சிறிது நேரம் கால் மடங்காது, நடந்தால் சரியாகும். மாடிப்படி இறங்கும்போது வலிக்கும். மடக்கினால் கறுக் கறுக்கென்று சத்தம் வரும். உட்கார்ந்தால் தேவலை, எழுந்தால் தொல்லை. இவைதான் அடையாளங்கள்.

உங்கள் ஊர்த் தண்ணீரையும் விசாரியுங்கள்

தர்மபுரிச் சகோதரி என்பதால் இதைத் தனியே சொல்ல வேண்டியிருக்கிறது. கத்தி வைப்பதற்கு முன், வலி எதனால் என்று தீர்மானமாகத் தெரிய வேண்டும் அல்லவா?

உங்கள் ஜில்லாவில் பாறைக்கு அடியிலிருந்து வரும் ஆழ்குழாய்க் கிணற்றுத் தண்ணீரில் பல ஊர்களில் ஃப்ளோரைடு என்ற உப்பு அளவுக்கு மேல் இருக்கிறது. ஒரு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது என்பது கணக்கு. வருஷக்கணக்கில் அதற்கு மேல் குடித்தால், பல் முளைக்கும் பருவத்துக் குழந்தைகளுக்குப் பல்லில் மஞ்சளும் பழுப்புமாகக் கறை விழும். பெரியவர்களுக்கு எலும்பு இறுகி, மூட்டுகளைச் சுற்றியுள்ள தசைநார்களிலும் சுண்ணாம்பு படியும். முதுகும் கழுத்தும் மரக்கட்டையாகிவிடும். பழைய சென்னை மாகாணத்தில் நெல்லூர்ப் பக்கத்தில் இந்த நோய் இருப்பதை டாக்டர்கள் 1937-லேயே எழுதி வைத்தார்கள். நல்கொண்டா பக்கத்தில் இளம் பிள்ளைகளின் முழங்கால்கள் உள்நோக்கி வளைந்து ஒன்றோடொன்று இடிப்பதை ஹைதராபாத் விஞ்ஞானிகள் 1973-இல் வெளியிட்டார்கள்.

தர்மபுரி, கிருஷ்ணகிரி மக்களுக்கு இந்தத் தொல்லை தீர வேண்டும் என்றுதான் ஜப்பான் நாட்டுக் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. 2008-இல் அடிக்கல் நாட்டி, 2013 மே மாதம் தண்ணீர் திறந்துவிட்டார்கள். காவிரித் தண்ணீர் குழாயில் வருகிறபோது, "போர் தண்ணீர்தான் ருசி" என்று பழைய குடத்தையே தூக்கிக் கொண்டு போகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். குடிக்கவும் சமைக்கவும் காவிரித் தண்ணீர். துவைக்கவும் கழுவவும் போர் தண்ணீர். இப்படிப் பிரித்துக் கொள்ளுங்கள். இன்னொன்று: காய்ச்சினால் ஃப்ளோரைடு போகாது. தண்ணீர் வற்றுவதால் இன்னும் செறிவாகத்தான் ஆகும்.

வீட்டிலேயே பார்க்க மூன்று சுலபமான சோதனைகள் உண்டு. முழங்காலை மடக்காமல் குனிந்து தரையைத் தொட முடிகிறதா? மோவாய் மார்பைத் தொடுகிறதா? இரண்டு கைகளையும் தலைக்குப் பின்னால் கொண்டு போக முடிகிறதா? முழங்கால் மட்டும் வலித்து இவையெல்லாம் முடிகிறதென்றால் பெரும்பாலும் தேய்மானம்தான். முடியாவிட்டால் வயதும் ஒரு காரணமாக இருக்கலாம், பயப்பட வேண்டாம். ஆனால் கழுத்தும் முதுகும் சேர்ந்து இறுகியிருந்தால் டாக்டரிடம் தண்ணீர் விஷயத்தையும் சொல்லுங்கள். முன்கை எக்ஸ்ரேயும் சிறுநீர்ப் பரிசோதனையும் மிச்சத்தைச் சொல்லிவிடும். ஃப்ளோரைடால் வந்த வலி முழங்காலை மட்டும் மாற்றினால் தீர்ந்துவிடாது.

எப்போது ஆபரேஷன்?

எக்ஸ்ரே படம் மோசமாக இருப்பதால் மட்டும் ஆபரேஷன் செய்து கொள்ள வேண்டியதில்லை. படம் மோசமாக இருந்தும் நிம்மதியாக நடமாடுகிறவர்கள் உண்டு. முதலில் செய்ய வேண்டியவற்றைச் செய்து பார்க்க வேண்டும். உடம்பில் ஒரு கிலோ குறைந்தால், நடக்கும்போது முழங்காலில் இறங்கும் பாரம் ஒவ்வோர் அடிக்கும் சுமார் நாலு கிலோ குறைகிறது. அஞ்சு கிலோ குறைத்தால் ஓர் அரிசி மூட்டையையே இறக்கி வைத்த மாதிரி! தொடையின் முன்பக்கத் தசைக்குப் பயிற்சி, உயரமான நாற்காலி, மேல்நாட்டுக் கக்கூஸ், கைத்தடி — இவையெல்லாம் நல்ல துணை. கைத்தடியை வலிக்கிற காலின் பக்கத்தில் அல்ல, எதிர்ப்பக்கத்துக் கையில் பிடிக்க வேண்டும். பலரும் தலைகீழாகத்தான் பிடிக்கிறார்கள். வலி மாத்திரையை மட்டும் கடலை மிட்டாய் போல் விழுங்காதீர்கள். சிறுநீரகத்தையும் வயிற்றையும் அது கெடுத்துவிடும்.

இத்தனையும் செய்தும் இராத்தூக்கம் போய், வீட்டுக்குள் நடமாட்டமும் சுருங்கிவிட்டதானால், அப்போது ஆபரேஷனைப் பற்றி யோசிக்கலாம். கடிதத்தில் சொன்ன மாமியார் அந்தக் கட்டத்துக்கு வந்துவிட்டார் என்றே தோன்றுகிறது.

முழங்காலை வெட்டி எறிந்துவிடுவார்களா?

இப்படித்தான் பாட்டிமார்கள் பயப்படுகிறார்கள். இல்லை. தேய்ந்த முனைகளைச் சுமார் ஒரு விரல் கனத்துக்கும் குறைவாகவே செதுக்கி எடுத்துவிட்டு, தொடை எலும்பின் முனைக்கு ஓர் உலோகத் தொப்பியும், கீழ் எலும்பின் தலைக்கு ஓர் உலோகத் தட்டும் பொருத்துகிறார்கள். நடுவில் வழுவழுப்பான பிளாஸ்டிக் துண்டு ஒன்று. சொத்தைப் பல்லுக்குத் தொப்பி போடுகிறார்களே, ஏறக்குறைய அந்த மாதிரி. உங்கள் தசை, உங்கள் நரம்பு, உங்கள் பக்கத்துத் தசைநார்கள் எல்லாம் உங்களுடையவையாகவே இருக்கும்.

இதற்கு வயது நூற்றுக்கு மேல். 1890-இல் பெர்லினில் தெமிஸ்டாக்லிஸ் க்ளுக் என்ற டாக்டர் யானைத் தந்தத்தால் முழங்கால் செய்து வைத்துப் பார்த்தார். அவர் நோயாளிகள் க்ஷயத்தால் மூட்டுக் கெட்டவர்கள். புண் சீழ் பிடித்து முயற்சி வீணாயிற்று. பிறகு 1950-களின் கடைசியில் இங்கிலாந்தில் ஜான் சார்ன்லி என்ற டாக்டர், இடுப்பு மூட்டை எலும்போடு நிறுத்துவதற்குப் பல் டாக்டர்கள் பல்செட்டுக்கு உபயோகிக்கும் அக்ரிலிக் என்ற பொருளைக் கையில் எடுத்தார். இதைத்தான் இன்று எலும்புச் சிமெண்ட் என்கிறோம். வீடு கட்டும் சிமெண்டுக்கும் இதற்கும் பெயர்ப் பொருத்தம் மட்டும்தான்! சார்ன்லியின் ஆஸ்பத்திரியிலேயே கன்ஸ்டன் என்பவர் 1968-இல் அதை முழங்காலுக்கும் கொண்டு வந்தார். 1974-இல் நியூயார்க்கில் இன்சால் என்ற டாக்டரும் அவர் கூட்டத்தாரும் பொருத்திய முழங்கால்தான் இன்றைய முழங்கால்களுக்கெல்லாம் பாட்டி.

இந்தச் சிமெண்ட் பசை அல்ல. பிசைந்த மாவு போல் வைத்தால் எலும்பின் சிறு துளைகளுக்குள் புகுந்து, கால் மணி நேரத்துக்குள் கல்லாகிவிடும். துளைகளில் கோத்துக் கொள்வதால் உலோகம் அசையாது. மறுநாளே நோயாளியைப் பிடித்து நடக்க வைத்துவிடலாம்.

சிமெண்ட் இல்லாமல் எப்படி நிற்கும்?

ஸ்வீடன் தேசத்தில் பிரோனமார்க் என்ற விஞ்ஞானி 1952-இல் முயலின் கால் எலும்பில் டைட்டானியம் உலோகத்தால் ஆன சிறு கருவியைப் பொருத்தி ரத்த ஓட்டத்தை ஆராய்ந்தார். வேலை முடிந்து கழற்றப் போனால் கருவி வரவில்லை. எலும்பு அதை இறுகப் பிடித்துக் கொண்டுவிட்டது! எலும்பு தன் இனமல்லாத உலோகத்தோடும் உறவு கொண்டாடும் என்பது அப்போது தெரிந்தது. இன்று பல் டாக்டர்கள் தாடையில் திருகாணி போல் வைக்கும் செயற்கைப் பல்லெல்லாம் இந்த முயலின் உபகாரம்தான்.

சிமெண்ட் இல்லாத முழங்காலும் இதே தத்துவம். உலோகத்தின் உட்புறத்தைச் சொரசொரப்பாக, பஞ்சு போலத் துளைகளோடு செய்து, செதுக்கிய எலும்பில் இறுக்கமாக அடித்துப் பொருத்துகிறார்கள். சில வாரங்களில் எலும்பு அந்தத் துளைகளுக்குள் வளர்ந்து பிடித்துக் கொள்கிறது. ஆனால் இதற்கு இரண்டு நிபந்தனைகள். எலும்பு நல்ல எலும்பாக இருக்க வேண்டும். ஆரம்பத்தில் உலோகம் கொஞ்சமும் ஆடக் கூடாது. ஒரு மில்லிமீட்டரில் ஆறில் ஒரு பங்கு ஆட்டம் கூட அதிகம். அப்படி ஆடினால் எலும்புக்குப் பதிலாக நார்ச்சதைதான் வளரும். நாற்று நட்ட மறுநாளே பிடுங்கிப் பார்த்தால் வேர் பிடிக்குமா?

இதற்கு ஏன் ஆசைப்பட்டார்கள்? எழுபதுகளில் சிமெண்ட் வைத்த சில மூட்டுகள் தளர்ந்தபோது, குற்றம் சிமெண்டின் மேல் விழுந்தது. 1980-ஐ ஒட்டி அமெரிக்காவில் ஹங்கர்ஃபோர்டு என்ற டாக்டரும் வேறு சிலரும் சிமெண்ட் இல்லாத முழங்கால்களைச் செய்தார்கள். முதலில் ஒரே உற்சாகம். பத்து வருஷத்துக்குள் பலவற்றில் தொல்லை கிளம்பிற்று. ஆனால் காரணத்தைத் தோண்டிப் பார்த்தபோது வேறு விஷயம் தெரிய வந்தது. நடுவிலிருந்த பிளாஸ்டிக் மெல்லியதாகவும் மட்டமாகவும் இருந்து தேய்ந்தது. சில்லுக்கு உலோகத்தில் பின்பக்கம் வைத்தது உடைந்தது. தேய்ந்த பிளாஸ்டிக் தூள், திருகாணித் துவாரங்கள் வழியாக எலும்புக்குள் இறங்கிற்று. அந்தத் தூளை விழுங்கப் போன உடம்பின் காவல் அணுக்கள், எலும்பையும் சேர்த்து அரித்துவிட்டன. சிமெண்ட் வைத்த மூட்டுகளிலும் சிமெண்ட் மட்டும் குற்றவாளி அல்ல; தூளும் கோணலாகப் பொருத்தியதும் பங்காளிகள் என்று பிறகு ஒப்புக்கொண்டார்கள்.

அதனால் சிமெண்ட் இல்லாத முழங்கால் சில காலம் மூலையில் உட்கார்ந்தது. பிறகு நல்ல பிளாஸ்டிக்கும், டான்டலம் என்ற உலோகத்தில் எலும்பு போன்ற துளைகளும், யந்திரத்தில் அச்சடித்தாற்போல் அடுக்கடுக்காக வார்த்த டைட்டானியமும் வந்தன. இப்போது மறுபடி செல்வாக்குப் பெற்று வருகிறது. ஆனாலும் உலகத்தில் இதுவரை நடந்திருப்பவற்றில் சிமெண்ட் வைத்தவையே மிகுதி.

சரி, எத்தனை வருஷம் நிற்கும்?

இதுதானே கேள்வி! கொழுந்தனார் "பத்து வருஷம்" என்றது பழைய கணக்கு.

ஸ்வீடனில் 1975 முதல், ஒவ்வொரு முழங்கால் மாற்றத்தையும் ஒரு பதிவேட்டில் எழுதி வைக்கிறார்கள். அதைப் பார்த்து மற்ற நாடுகளும் எழுத ஆரம்பித்தன. ஆஸ்திரேலியா, பின்லாந்து தேசத்துப் பதிவேடுகளை வைத்துப் போட்ட கணக்கு ஒன்று 2019-இல் 'லான்செட்' மருத்துவப் பத்திரிகையில் வந்தது. முழு முழங்காலை மாற்றிக் கொண்டவர்களில் நூற்றுக்கு 82 பேருக்கு, 25 வருஷம் கழித்தும் மறு ஆபரேஷன் இல்லாமல் அதே மூட்டு நிற்கிறது. சிமெண்ட் வைத்ததும் வைக்காததும் அந்தக் கணக்கில் கலந்தே இருக்கின்றன. 63 வயதில் செய்து கொண்டால் 25 வருஷம் என்பது 88 வயது. மாமியார் கொள்ளுப் பேரனையும் பார்த்துவிடுவார்!

இரண்டையும் நேருக்கு நேர் ஒப்பிட்டவர்களும் உண்டு. தென் கொரியாவில் யங்-ஹூ கிம் என்ற டாக்டர் ஒரு காரியம் செய்தார். இரண்டு முழங்காலும் கெட்ட நோயாளிகளுக்கு ஒரு காலில் சிமெண்ட் வைத்தும் மறுகாலில் வைக்காமலும் செய்தார். ஒரே உடம்பு, ஒரே நடை, ஒரே பாரம். இதைவிட நேர்மையான பந்தயம் வேறென்ன இருக்கிறது? 55 வயதுக்கு உட்பட்ட 80 பேரைச் சராசரியாகப் பதினாறு வருஷத்துக்கு மேல் தொடர்ந்து பார்த்து 2014-இல் வெளியிட்டார். இரண்டு கால்களுக்கும் சொல்லிக்கொள்ளும்படியான வித்தியாசம் இல்லை. இரண்டுமே நன்றாக நின்றன.

பெரிய பதிவேடுகளை மொத்தமாகப் பார்த்தாலும், சிமெண்ட் இல்லாத முழு முழங்கால் மற்றதைத் தோற்கடித்துவிடவில்லை. தேய்ந்த ஒரு பக்கத்தை மட்டும் மாற்றும் அரை முழங்கால் ஆபரேஷனில், இங்கிலாந்துக் கணக்குப்படி, சிமெண்ட் இல்லாததன் கை சற்று ஓங்கியிருக்கிறது. அச்சடித்த டைட்டானியம் மாதிரிகளுக்கு இன்னும் இருபது வருஷத்து அனுபவம் ஆகவில்லை. ஆகவே "ஆயுசுக்கும் நிற்கும்" என்று உத்தரவாதம் யாராவது கொடுத்தால், அது வியாபாரிப் பேச்சு என்று வைத்துக் கொள்ளுங்கள்.

அப்படியானால் யாருக்கு எது? ஐம்பதை ஒட்டிய வயது, கனத்த உடம்பு, ஓடியாடும் வேலை, உறுதியான எலும்பு — இவர்களுக்குச் சிமெண்ட் இல்லாததை டாக்டர் சிபாரிசு செய்தால் அதற்கு நியாயம் உண்டு. இன்னும் முப்பது நாற்பது வருஷம் உழைக்க வேண்டிய மூட்டு அது; உயிருள்ள எலும்பே பிடித்துக் கொண்டால் நல்லதுதானே என்பது எண்ணம். அறுபதைத் தாண்டி எலும்பு மெலிந்த பெண்களுக்கும், வாதத்துக்காகப் பல வருஷம் ஸ்டிராய்டு மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் சிமெண்ட் வைப்பதே பத்திரம். எழுபதைத் தாண்டிச் செய்து கொண்டவர்களில், தம் ஆயுளில் மறு ஆபரேஷன் தேவைப்படுகிறவர்கள் நூற்றுக்கு ஐந்து பேர்தான். ஐம்பது வயதில் செய்து கொள்கிறவர்களுக்கு அந்த ஆபத்து பல மடங்கு. ஆகையால் சின்ன வயதுக்காரர்கள் அவசரப்படவும் கூடாது.

தர்மபுரிச் சகோதரிக்கு என் பதில் இதுதான். எலும்பைப் பரிசோதித்த டாக்டர் தாமாகவே காரணம் சொல்லிச் சிமெண்ட் இல்லாததைக் கேட்டாலொழிய, அதற்கென்று வளையலை அடகு வைக்காதீர்கள். மூட்டு நிற்பதும் தளர்வதும் சிமெண்டைவிட வேறு விஷயங்களையே அதிகம் பொறுத்தது. வளைந்த காலை நேராக்கிப் பொருத்தும் கை; அந்த ஆபரேஷனை அடிக்கடி செய்து பழகிய கை; புண்ணில் விஷக் கிருமி சேராத ஆஸ்பத்திரி; ஆபரேஷனுக்குப் பின் வீட்டில் நடக்கும் பயிற்சி. "வருஷத்துக்கு எத்தனை முழங்கால் செய்கிறீர்கள், டாக்டர்?" என்று கேட்பது மரியாதைக் குறைவு அல்ல. கேளுங்கள்.

செலவு

முழங்கால் உலோகத்தின் விலை ஆஸ்பத்திரிக்கு ஆஸ்பத்திரி தாறுமாறாக இருந்த காலம் ஒன்று உண்டு. 2017 ஆகஸ்டில் மத்திய அரசாங்கம் உச்ச விலை நிர்ணயித்தது. சாதாரணக் கோபால்ட்-குரோமிய முழங்காலுக்கு ரூ. 54,720, டைட்டானியம் முதலிய விசேஷ உலோகங்களுக்கு ரூ. 76,600, வரி தனி. இது அந்த வருஷத்துக் கணக்கு. இன்றைய விலையைக் கேட்டுத் தெரிந்து கொள்ளுங்கள். உலோகத்தின் பெயர், விலை, அதன் பெட்டியில் ஒட்டியிருக்கும் சீட்டு மூன்றையும் பில்லோடு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். பின்னால் மறு ஆபரேஷன் வந்தால் அந்தச் சீட்டு இல்லாமல் டாக்டர் திண்டாடிப் போவார்.

முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை வைத்திருக்கும் குடும்பங்கள், கையிலிருந்து பணம் எடுப்பதற்கு முன் ஆஸ்பத்திரியில் உள்ள காப்பீட்டுத் திட்டக் கவுன்டரில் விசாரிக்க வேண்டும். தர்மபுரியிலேயே 2008 முதல் அரசாங்க மருத்துவக் கல்லூரி இருக்கிறது. எலும்பு டாக்டரின் இரண்டாவது அபிப்பிராயத்தை அங்கேயே கேட்கலாம். அபிப்பிராயம் கேட்க பெங்களூருக்கு பஸ் ஏற வேண்டியதில்லை.

வீட்டார் செய்ய வேண்டியவை

ஆபரேஷனுக்கு முன்: சர்க்கரை வியாதி இருந்தால் கட்டுக்குள் வர வேண்டும். சொத்தைப் பல், சிறுநீர்க் கடுப்பு, காலில் சேற்றுப்புண் எதுவும் இருக்கக் கூடாது. அங்கிருந்துதான் கிருமி ரத்தத்தில் ஏறி மூட்டுக்குப் போகும். நூற்றுக்கு ஒருவர் இருவருக்கு மூட்டில் சீழ் பிடிக்கிறது. பிடித்தால் பெரிய உபத்திரவம். கட்டிலும் உயரமான கக்கூஸும் முன்னாலேயே தயாராக இருக்கட்டும். வழியில் கிடக்கும் கால் மிதியையும் பேரனின் விளையாட்டுச் சாமானையும் எடுத்துவிடுங்கள்.

பின்: பாசத்தில் முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்துவிடாதீர்கள்! சுகமாகத்தான் இருக்கும். ஆனால் கால் அப்படியே மடங்கி நின்றுவிடும். குதிகாலுக்கு அடியில் துணிச்சுருள் வைத்து, காலை நேராக நீட்ட வையுங்கள். பாதத்தை மேலும் கீழும் ஆட்டச் சொல்லுங்கள், ரத்தம் உறையாது. முதல் ஆறு வாரப் பயிற்சியில்தான் எல்லாம் இருக்கிறது. சிமெண்ட் இல்லாத மூட்டானால் முதல் சில மாதம் வலி கொஞ்சம் கூடுதலாகத் தெரியலாம். எலும்பு பிடிக்கிற காலம் அது. எந்த மூட்டாயிருந்தாலும் திடீரென்று காய்ச்சல், சிவப்பு, சீழ், கெண்டைக்காலில் வீக்கம் கண்டால் அன்றைக்கே டாக்டரிடம் ஓட வேண்டும். 2021-இல் பக்கத்துக் கிருஷ்ணகிரி ஜில்லாச் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், வீட்டுக்கே வந்து பயிற்சி சொல்லித் தரும் ஏற்பாடு செய்திருந்தார்கள். உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப் பாருங்கள்.

ஒரு விஷயத்தை ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். புது முழங்கால் கன்னிப் பருவத்து முழங்கால் அல்ல. குத்துக்காலிட்டு உட்காருவதும், சம்மணம் போட்டுப் பந்தியில் சாப்பிடுவதும் பெரும்பாலும் விட வேண்டியதுதான். செய்து கொண்டவர்களில் நூற்றுக்குப் பத்து முதல் இருபது பேர், "நினைத்த அளவு இல்லை" என்று சொல்கிறார்கள். மற்றவர்கள் இராத்திரி தூங்குகிறார்கள், கோவிலுக்கு நடக்கிறார்கள். இரண்டையும் தெரிந்து கொண்டு போகிறவர்களுக்கு ஏமாற்றம் குறைவு.

கடைசியாக, "எனக்கெதற்கு?" என்கிற மாமியாருக்கு ஒரு வார்த்தை. அம்மா, நீங்கள் நகராமல் உட்கார்ந்தால் உங்கள் தசை கரையும், சர்க்கரை ஏறும், மனசு சோரும். அப்போது உங்களைத் தூக்கி உட்கார வைக்க உங்கள் மருமகளின் முதுகல்லவா வளையும்? பேத்தி கல்யாணத்துக்குப் பணம் வேண்டும், வாஸ்தவம். கல்யாணத்தன்று வாசலில் நின்று சம்பந்திகளை 'வாங்க' என்று கூப்பிட ஒரு பாட்டியும் வேண்டும். நாலு பேர் சிமெண்டைப் பற்றிச் சண்டை போடும் வீட்டில், வலிக்கிற காலுக்குச் சொந்தக்காரியின் விருப்பத்தை யாரும் கேட்கவில்லை போலிருக்கிறது. மருமகளே, இன்று இராத்திரி சாப்பாடானதும் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, இந்தப் பக்கத்தைப் படித்துக் காட்டுங்கள். பிறகு, "அத்தை, உங்களுக்கு எப்படி வேண்டும்?" என்று கேளுங்கள். அவர் சொல்லுகிறபடி செய்யுங்கள்.

அடுத்த வாரம், சாப்பிட உட்கார்ந்தால் எழுந்திருக்க மறுக்கும் நாலு வயதுப் பிள்ளைகளைப் பற்றிப் பேசுவோம். அவர்களுடைய முழங்காலில் ஒரு குறையும் இல்லை. கோளாறு வேறு இடத்தில்!